600 கிராம் இறாலும் 431 கிராம் தண்ணீரும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே காலுக்கு, உறையவைத்து உலர்த்த நானே செய்த மிசினின் டிரம்மைத் திறந்தேன். முந்தின நாள் உள்ளே வைத்தது அவித்து உரித்த இறால் 600 கிராம். வெளியே வந்தது 153 கிராம். நிறம் மாறவில்லை, வளைவு மாறவில்லை, கையில் எடுத்தால் மட்டும் பொரி மாதிரி கனமே இல்லை. பின்பக்கச் செம்புச் சுருளில் பிடித்திருந்த பனியை உருக்கி, வடித்து, நிறுத்துப் பார்த்தேன். 431 கிராம். குறைந்தது 447, கிடைத்தது 431. மிச்சம் 16 கிராமில் கொஞ்சம் பம்பு வழியாகப் போயிருக்கும், கொஞ்சம் நான் துடைத்த துணியில் இருக்கும். ஆறு மாதமாக இந்தக் கணக்கு ஒத்துவரவேண்டும் என்றுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தொழில் உச்சிப்புளிப் பக்கம் ஃப்ரிட்ஜ், ஏசி, மீன் கம்பெனி டீப் ஃப்ரீசர் ரிப்பேர். மண்டபத்திலிருந்து பாம்பன் வரைக்கும் வண்டியில் போய் வருவேன். என் மதினி கருவாடு போடுகிறவர். போன நவம்பரில் அவர் வலை விரித்துக் காயப்போட்ட இறால் முழுக்க மழையில் மாட்டிப் பூத்துப்போனது. "ஏன் தம்பி, ஊரு ஃப்ரிட்ஜையெல்லாம் ரிப்பேர் பாக்குறியே, வெயில் இல்லாமக் காயவைக்க ஒரு மிசினு செய்ய மாட்டியா?" என்று கேட்டார்.

சூடு காட்டி உலர்த்தும் பெட்டி செய்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். ஆனால் என் மகளுக்கு பி.சி.ஜி. ஊசி போட்ட அன்று நர்ஸம்மா கையில் பார்த்த சின்னப் புட்டி எனக்கு மறக்கவே இல்லை. அடியில் துளி வெள்ளைப் பொடி, அதில் தண்ணீர் விட்டுக் கலக்கினால் மருந்து. உறையவைத்து அப்படியே உலர்த்தியது என்றார். 1948-இல் கிண்டியில் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வகம் செய்துவந்த தடுப்பூசியும் இப்படி உலர்த்தியதுதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். உறையவைக்க டீப் ஃப்ரீசர் இருக்கிறது, காற்றை உறிஞ்சி எடுக்கிற வேக்கம் பம்பும் இருக்கிறது, இரண்டும் என் பட்டறையில் தினமும் ஓடுகிற சாமான். வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்குத்தான் ஆறு மாதம் ஆனது.

விஷயம் சின்னதுதான். வேக்கத்தை நாங்கள் மைக்ரான் என்ற அழுத்த அளவில் அளப்போம், எண் குறையக் குறைய வேக்கம் கூடும். வெளிக்காற்றின் அழுத்தம் 7,60,000 மைக்ரான். அதை 4,580 மைக்ரானுக்குக் கீழே இறக்கிவிட்டால் ஐஸ் உருகித் தண்ணீராக வழியில்லை, நேரே ஆவியாகத்தான் போகும். கற்பூரத்தை வைத்துப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த பதங்கமாதல்தான். ஏசி பைப்பில் ஈரம் போக நாங்கள் 500 மைக்ரான் வரை இழுப்போம். அதனால் வேக்கம் எனக்குப் பெரிய விஷயமில்லை என்று இருந்துவிட்டேன்.

முதலில் டிரம். ராமநாதபுரத்தில் பழைய இரும்புக் கடையில் 10 இஞ்சு எவர்சில்வர் பைப் துண்டு ஒன்று கிடைத்தது. சுவர் 4 மில்லி, நீளம் 60 சென்டிமீட்டர், எடை 17 கிலோ. கடைக்காரர் 304, துருப்பிடிக்காத நல்ல ரகம் என்றார். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, வாங்கிவிட்டேன். மட்ட ரகமான 202-க்கும் காந்தம் ஒட்டாது என்று லேத்துக்காரர் சொன்னது பணம் கொடுத்த பிறகு. இந்தக் கடற்காற்றில் மூன்றே மாதத்தில் வெல்டிங் ஓரமெல்லாம் பழுப்புப் புள்ளி. வேலைக்கு இடைஞ்சல் இல்லை, பார்க்கத்தான் சகிக்கவில்லை. ஒரு முனையில் 10 மில்லி தகடு வைத்து ஆர்கான் வெல்டிங், மறு முனையை லேத்தில் கொடுத்து முகம் சீவியது, எல்லாம் சேர்த்து 7,800 ரூபாய்.

மூடிக்கு உள்ளே தெரிகிற மாதிரி அக்ரிலிக். வீட்டில் கிடந்த 10 மில்லி துண்டை வட்டமாக வெட்டி, சிலிக்கான் கேஸ்கெட் மேல் வைத்துப் பம்பைப் போட்டேன். முதல் நிமிடத்திலேயே 'டிக்' என்று ஒரு சத்தம். மூடி தாம்பாளம் மாதிரி உள்பக்கம் குழிகிறது. நேர்விளிம்பை மேலே வைத்து வெர்னியரால் அளந்தால் நடுவில் கிட்டத்தட்ட 7 மில்லி. பட்டறைப் பையன், "அண்ணே, நான் டீ வாங்கிட்டு வர்றேன்" என்று கேட்காமலே வெளியே போய்விட்டான். அவன் செய்ததுதான் சரி. இருபத்தாறரை சென்டிமீட்டர் வாய் மேல் காற்று அழுத்துகிற பாரம் சுமார் 570 கிலோ. ஏழெட்டு ஆள் ஏறி நிற்கிற மாதிரி. மதுரையிலிருந்து 25 மில்லி அக்ரிலிக் வரவழைத்தேன், 2,600 ரூபாய். அதில் குழிவு அரை மில்லிகூட இல்லை. இதைத் தின்னர், ஸ்பிரிட் எதையும் போட்டுத் துடைக்கக் கூடாது, மயிரிழை விரிசல் விடும். சோப்புத் தண்ணீர் மட்டும்தான்.

டிசம்பர் முதல் வாரம் முதல் ஓட்டம். இறாலை அவித்தேன். உறையவைத்து உலர்த்துவதில் கிருமி முழுக்கச் சாவதில்லை, பலதும் தூங்கத்தான் செய்யும், அதனால் அவிப்பதைத் தள்ளிவிட முடியாது. ஒரு ராத்திரி மைனஸ் 20-இல் உறையவிட்டு, 300 கிராமை உள்ளே வைத்துப் பம்பைப் போட்டேன். முள் விறுவிறு என்று இறங்கி 1,800 மைக்ரானில் நின்றது. அதற்குக் கீழே அசையவில்லை. நாற்பது நிமிடத்தில் பம்பின் கண்ணாடிக் கண்ணைப் பார்த்தால் எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருக்கிறது. மாற்றினேன். இரண்டு மணி நேரத்தில் மறுபடி மோர். மறுபடி மாற்றினேன். ஆறாவது மணியில் கேஜ் 5,000-ஐத் தாண்ட, இறால் ஓரமெல்லாம் உருகித் தட்டில் நீர் விட்டது. எடுத்து நிறுத்தால் 238 கிராம். பூனைக்குப் போட்டேன்.

தப்பு எங்கே என்று அன்று ராத்திரி காகிதத்தில் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஏசி பைப்பில் இருக்கிற ஈரம் சில துளி. இங்கே கால் லிட்டர் தண்ணீர். 750 மைக்ரான் அழுத்தத்தில் ஒரு கிராம் ஐஸ் ஆவியானால் 1,100 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். என் பம்பு நான்கரை சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு 127 லிட்டர். ஒரு கிராமுக்கு ஒன்பது நிமிடம். 450 கிராம் போக 69 மணி நேரம், அதுவும் எண்ணெய் கெடாமல் இருந்தால். பம்பை நம்பித் தண்ணீரை வெளியேற்ற முடியாது. பம்பு காற்றை எடுக்கத்தான். தண்ணீர் ஆவியை டிரம்முக்குள்ளேயே எங்காவது பிடித்து நிறுத்தியாக வேண்டும், அதுவும் இறாலைவிட நன்றாகக் குளிர்ந்த ஓர் இடத்தில். இந்த மிசினில் முக்கியமான சாமான் அந்தக் குளிர்ந்த இடம்தான். நான் பம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறேன்.

கெட்ட எண்ணெயைக் கொட்டவில்லை என்பது ஒரு சின்ன சமாதானம். பாட்டிலில் ஊற்றி டீப் ஃப்ரீசரில் இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் தண்ணீர் அடியில் உறைந்துகொள்ளும், மேலே தெளிந்ததைச் சாய்த்து எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஓட்டத்துக்குப் புது எண்ணெய், சோதனைக்கு இந்தப் பழையது.

குளிர்ந்த இடத்துக்கு நம் ஊரில் பஞ்சமா? ஐஸ் கம்பெனி இருக்கிறது, வாலிநோக்கத்து உப்பு இருக்கிறது. நொறுக்கின ஐஸ் மூன்று பங்கு, கல் உப்பு ஒரு பங்கு கலந்தால் மைனஸ் 21 வரை போகும். மீன் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டியில் அந்தக் கலவையைக் கொட்டி, நடுவில் எவர்சில்வர் தூக்குவாளி ஒன்றைப் புதைத்து, டிரம்முக்கும் பம்புக்கும் இடையில் சேர்த்தேன். பம்பு ஓடி அரை நிமிடம்கூட ஆகவில்லை, 'டம்' என்று ஒரு வெடி. வெளியே எடுத்தால் தூக்குவாளி கசக்கிப் போட்ட காகிதம். அம்மா வைத்திருந்த தூக்கு அது, இன்னும் வீட்டில் சொல்லிக்காட்டுகிறார்கள். பிறகு 4 இஞ்சு பைப்பில் ஒரு முழத் துண்டை இருபுறமும் அடைத்து அதையே ஆவியைப் பிடிக்கிற பொறியாக வைத்தேன்.

இதிலும் காயவில்லை. கேஜ் அழகாக 700 மைக்ரான் காட்டுகிறது, இறாலோ அழுதுகொண்டிருக்கிறது. நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் கேஜைக் கழற்றி டிரம்மின் மேல் பொருத்தினேன். அங்கே 3,000. டிரம்மையும் பொறியையும் இணைத்தது நாங்கள் கேஸ் ஏற்றுகிற கால் இஞ்சு மஞ்சள் ஹோஸ். இவ்வளவு மெலிந்த அழுத்தத்தில் ஆவி அந்தத் துளை வழியாக நகரவே நகராது. பொறி காலியாக நிற்கிறது, ஆவி அடுத்த அறையில் முட்டிக்கொண்டிருக்கிறது, நான் பொறிப் பக்கத்து அழுத்தத்தைப் பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறேன். 2 இஞ்சு பைப் வைத்தபின் நிலைமை மாறியது. ஆனால் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து உப்புத் தண்ணீரை வடித்து ஐஸ் போடவேண்டும். போடத் தவறினால் மைனஸ் 19-இல் இருந்து மைனஸ் 12-க்கு ஏறிவிடும், பிடித்த பனியெல்லாம் திரும்ப இறாலுக்கே போகும். இரண்டு ராத்திரி விழித்தேன். மூன்றாவது ராத்திரி தூங்கிவிட்டேன்.

அதன்பின் கம்ப்ரசர். இது என் வேலை, இதில் தப்பு வராது என்று இருந்தேன், அதிலும் வந்தது. கிடந்த பழைய டீப் ஃப்ரீசர் கம்ப்ரசர் ஒன்றை எடுத்தேன், அதில் ஓடுகிற குளிரூட்டும் கேஸ் 134ஏ. 3/8 இஞ்சு செம்புக் குழாய் 15 மீட்டரைச் சுருளாகச் சுற்றி, தனிப் பொறியைத் தூக்கிப் போட்டுவிட்டு டிரம்முக்குள்ளேயே பின்பாதியில் சுவரை ஒட்டி வைத்தேன். இடையில் பைப் என்ற பேச்சே இல்லை. பிரேசிங், நைட்ரஜன் விட்டு லீக் பார்த்தது எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. சுருள் மைனஸ் 24-இல் நின்றுவிட்டது. 134ஏ கொதிப்பதே மைனஸ் 26-இல். அதற்குக் கீழே வேண்டுமென்றால் சக்‌ஷன் பக்கம், அதாவது கம்ப்ரசர் கேஸை உறிஞ்சுகிற பக்கம், வேக்கத்தில் ஓடவேண்டும், கம்ப்ரசர் தாங்காது. ஐஸ்-உப்பைவிட ஐந்து டிகிரி லாபம், அவ்வளவுதான். இந்தக் கணக்கை முதலில் போட்டிருக்கவேண்டிய ஆள் நான். கையில் இருந்த சாமான் என்ற ஆசை.

மார்ச்சில் ஒரு ஐஸ்கிரீம் பெட்டி கழிவுக்கு வந்தது. அதன் அரைக் குதிரை கம்ப்ரசரை 3,000 ரூபாய்க்கு எடுத்தேன். அது 404ஏ கேஸுக்கானது. இந்தக் கேஸ் மைனஸ் 46 வாக்கில் கொதிக்கும். கேஸ் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிற மெல்லிய கேபிலரிக் குழாயை இரண்டு முறை வெட்டிச் சரிசெய்து, சக்‌ஷன் 3 பி.எஸ்.ஐ. வரும்படி சார்ஜ் பண்ணினேன். சுருள் மைனஸ் 42. டிரம்மின் வெளிப்புறம் முழுக்க ஏசி பைப்புக்குச் சுற்றுகிற கறுப்பு ஃபோம், இல்லாவிட்டால் வேர்த்துக் கொட்டும். அன்றைக்குத்தான் கேஜ் முதல் தடவையாக 200 மைக்ரானைப் பார்த்தது, பம்பு எண்ணெயும் காலை வரை தேன் நிறத்திலேயே இருந்தது. எண்ணெய் நிறம் மாறவில்லை என்றால் ஆவி பம்புக்கு வரவில்லை என்று அர்த்தம். எனக்கு அது கேஜைவிட நம்பகமான அடையாளம்.

ஆனாலும் இறால் காயவில்லை! இரண்டாம் நாள் எடுத்துப் பார்த்தால் கல்லு மாதிரி உறைந்தே இருக்கிறது, எடை 40 கிராம்தான் குறைந்திருக்கிறது. குளிரவைத்துப் பிழைக்கிறவன் நான், உள்ளே சூடு வைக்க மனசு ஒப்பவில்லை, அதுதான் காரணம். ஐஸ் ஆவியாகும்போது தன்னிடமிருந்தே சூட்டை எடுத்துக்கொண்டு இன்னும் குளிர்ந்துபோகும். போகப்போக ஆவி வருவதே நின்றுவிடும். ஒரு கிலோ ஐஸ் ஆவியாக சுமார் 2,835 கிலோ ஜூல் வேண்டும். என் 447 கிராமுக்குக் கணக்குப் பார்த்தால் 352 வாட் மணி. 22 மணி நேரத்தில் பரப்பினால் 16 வாட். வீட்டில் ராத்திரி எரிய விட்ட பழைய இழை ஜீரோ வாட் பல்பு உண்மையில் 15 வாட் இழுக்குமே, அந்த அளவு சூடு. அது இல்லாமல்தான் இரண்டு நாள் வீணானது.

அலுமினியத் தட்டு இரண்டு, ஒவ்வொன்றின் அடியிலும் 12 வோல்ட் 25 வாட் சிலிக்கான் ஹீட்டர் பட்டை, தட்டுகள் சுருளில் படாதபடி நைலான் கால். வயர் உள்ளே போக, பின்தகட்டில் துளையிட்டுப் பித்தளை போல்ட் இறக்கி எபாக்சி ஊற்றினேன். முதல் ஊற்றலில் காற்றுக்குமிழ் நின்று லீக். வால்வை மூடிவிட்டுப் பார்த்தால் 10 நிமிடத்தில் 200 மைக்ரான் 900 ஆகிறது. உள்ளே இழுக்கிற லீக்குக்குச் சோப்பு நுரை உதவாது. ஒவ்வொரு இணைப்பாகக் கொஞ்சம் வேக்கம் கிரீஸ் தடவி, எதைத் தடவினால் முள் நிற்கிறது என்று பார்க்கவேண்டும். பொறுமை இருந்தால் அரை மணி வேலை.

ஹீட்டரிலும் முதலில் அவசரப்பட்டேன். கன்ட்ரோலரை 60 டிகிரிக்கு வைத்துவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போய் வந்தால், தட்டில் பட்ட பக்கமெல்லாம் தோல் செருப்பு மாதிரி இறுகிக் கிடக்கிறது. சூடு அதிகமானால் ஆவி ஒரேயடியாகக் கிளம்பும், சுருள் பிடிக்கிற வேகத்தை மீறி அழுத்தம் ஏறும், ஐஸ் உருகும். இப்போது செய்வது இதுதான். முதல் எட்டு மணி நேரம் தட்டு 5 டிகிரி, அடுத்த எட்டு மணி 20, கடைசியில் 35. எந்த நேரத்திலும் கேஜ் 600-ஐத் தாண்டினால் ஹீட்டரை நிறுத்திவிடுவேன்.

கரண்டு. இதைச் சொல்லாமல் நம் பக்கத்துக் கதை முடியாது. ஏப்ரலில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குக் கட். பம்பு நின்றது, டிரம்முக்குள் வேக்கம், பம்புக்குள் எண்ணெய். வேக்கம் எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிட்டது. காலையில் இறால் எண்ணெய்ச் சட்டியில் மிதக்கிறது. மீன் கம்பெனி கூல் ரூமில் போடுகிற சாலினாய்டு வால்வு ஒன்றைப் பம்புக்கு முன்னால் போட்டேன், கரண்டு போனால் தானே மூடிக்கொள்ளும் ரகம், 900 ரூபாய். இப்போது இருபது நிமிடக் கட்டைத் தாங்குகிறது. அதற்கு மேல் போனால் சுருளில் பிடித்த பனி இளகத் தொடங்கிவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஓடாது, மீன் கம்பெனியில் வேலை குறையும், என் பட்டறையிலும் ஈ ஓட்டம். நல்ல ஓட்டம் அமைந்தது இந்த நாட்களில்தான், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க நேரம் இருந்ததால். நாட்டுப்படகு இறால்தான். தலையோடு வாங்கி, அவித்து உரித்து 600 கிராம் எடுத்தேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போட்டேன். மூடிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் முதல் மணி நேரத்தில் இறாலில் ஒரு மாற்றமும் தெரியாது, சுருளில்தான் தெரியும். செம்பின் மேல் முதலில் மாவு தூவின மாதிரி, மதியத்தில் ஊசி ஊசியாக, சாயங்காலம் பார்த்தால் குழாய் இரண்டு மடங்கு பருத்துக் கிடக்கிறது. இறாலுக்குப் பக்கத்தில் இருக்கிற வளையத்தில்தான் பனி கனமாகப் பிடித்தது, கடைசி வளையங்கள் ஏறக்குறைய வெறுமையாக நின்றன.

முந்தைய ஓட்டம் ஒன்றில் பன்னிரண்டாவது மணியில் நிறுத்தி, ஓர் இறாலை இரண்டாக உடைத்துப் பார்த்திருந்தேன். வெளியே சுண்ணாம்பு மாதிரி வெளிறிய வளையம், நடுவில் கண்ணாடி மாதிரி உறைந்த மையம், இரண்டுக்கும் நடுவில் பேனாவால் கோடு போட்ட மாதிரி எல்லை. வெளியிலிருந்து உள்ளே காய்ந்துகொண்டே போகிறது. அதனால் மேலே தொட்டுப் பார்த்து ஏமாறக் கூடாது. தடிமனான ஒன்றை உடைத்து, நடுப்பகுதியை மேலுதட்டில் வைத்துப் பார்ப்பேன். ஜில்லென்று இருந்தால் இன்னும் ஐஸ் இருக்கிறது. கையில் தெரியாத குளிர் உதட்டில் தெரியும். ஞாயிறு காலை எடுத்ததில் குளிர் இல்லை. மறுபடி இரண்டு மணி நேரம் ஓட்டியும் 153 கிராம் 153-ஆகவே இருந்தது.

ஐந்து கிராமை எடுத்து வெந்நீரில் நான்கு நிமிடம் போட்டேன், 16 கிராம் ஆனது. கடித்தால் இறால்தான், கொஞ்சம் நார் தூக்கலாக. மதினி வாயில் போட்டுவிட்டு யோசித்தார். "உப்பும் இல்ல, வாசமும் இல்ல. இது என்ன கருவாடு?" பிறகு இன்னும் நாலு எடுத்துக்கொண்டார்.

அந்தச் சந்தோஷத்தில் பதநீரை வைத்தேன். சீசன் ஆயிற்றே. 400 மில்லி, தட்டில் ஊற்றி மைனஸ் 20-இல் ஒரு ராத்திரி. காலையில் கரண்டியால் அழுத்தினால் கூழ் மாதிரி இறங்குகிறது, அப்போதே விட்டிருக்கவேண்டும். வேக்கம் ஏறினதும் பொங்கி, மூடியில் அடித்து, சுருள் முழுக்கப் பாகு. சர்க்கரைக் கரைசல் மைனஸ் 32 வாக்கில்தான் முழுதாக இறுகும், என் ஃப்ரீசர் அந்தப் பக்கம் போகவே போகாது. கழுவ இரண்டு நாள். நுங்கும் போட்டுப் பார்த்தேன். காய்ந்தது, வெள்ளைப் பஞ்சு மாதிரி அழகாகக்கூட இருந்தது, ஊறவைத்தால் நுங்காகத் திரும்பவில்லை.

காய்ந்த பிறகு இன்னொரு வேலை காத்திருக்கிறது. தண்ணீர் போன இடமெல்லாம் உள்ளே ஓட்டை ஓட்டையாக இருப்பதால், இந்த இறால் ஈரத்தை ஸ்பாஞ்சு மாதிரி குடிக்கும். ஒரு தட்டில் பரப்பிக் கச்சான் காற்று வருகிற சன்னலோரம் ஒரு மணி நேரம் வைத்தேன். 153 கிராம் 161. மொறுமொறுப்பு போய் ரப்பர். அதனால் டிரம்மைத் திறக்கிறபோது உள்ளே போகிற காற்றையும் பழைய ஊறுகாய் பாட்டிலில் சிலிக்கா ஜெல் நிரப்பி அதன் வழியாகத்தான் விடுகிறேன். அள்ளி, ஐந்து நிமிடத்துக்குள் அலுமினியப் பையில் போட்டு ஒட்டிவிடவேண்டும். சாதாரண பாலிதீன் கவரில் ஒட்டி வைத்தது மூன்று வாரத்தில் நமத்துவிட்டது.

பம்பு முன்பே இருந்தது, புதிதாக வாங்கினால் 9,500. அதைச் சேர்க்காமல் செலவு 33,000 சொச்சம். பெரிய தொகை டிரம்மும், 6,500 ரூபாய் மைக்ரான் கேஜும், செம்புக் குழாயும். உடைந்தது, கசங்கியது, கொட்டியது தனி. ஓர் ஓட்டத்துக்கு மீட்டரில் 17 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் 170 ரூபாய் கரண்டு, 400 ரூபாய்க்கு மேல் இறால், கிடைப்பது 153 கிராம்.

அடுத்த முறை செய்தால் சுருளை இறாலுக்குப் பக்கத்திலேயே இரண்டு அடுக்காக நெருக்கிச் சுற்றுவேன், பின்பக்கம் சும்மா கிடக்கிற குழாய் தண்டம். டிரம்மின் அடியில் ஒரு வடிகால் வால்வு, இப்போது உருகின தண்ணீரைக் குனிந்து துணியால் ஒற்றி எடுக்கிறேன். ஓர் இறாலின் நடுவில் குத்தி வைக்க ஒரு சென்சார் வயர். கேஜை முதலிலேயே டிரம்மின் மேல் பொருத்துவேன்.

மதினி நேற்று வந்தார். துபாயில் இருக்கிற மகனுக்கு ஒரு பை அனுப்பினாராம், அவன் கூட இருக்கிறவர்களும் கேட்கிறார்களாம். "மழைக்கு முன்னாடி பத்து கிலோ உரிச்ச இறால் போட்டுக் குடுத்துருவியா தம்பி?" என்றார். ஓட்டத்துக்கு 600 கிராம் என்றால் பதினேழு ஓட்டம், கழுவித் துடைத்துப் போட முப்பது நாள் ஆகும். பார்க்கலாம் மதினி என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.